குழல் மாறினால் துப்பாக்கியே மாறியதாகத்தான் கணக்கு

2021 ஜூலை, தோக்கியோ ஒலிம்பிக். பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. அவர் எடுத்தது 575 புள்ளி, கிடைத்தது 12-ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போன எட்டாவது வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டே புள்ளிதான். மூன்று வருடம் கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது வேறு கதை.

"வேறு துப்பாக்கியை எடுத்துச் சுட வேண்டியதுதானே?" என்று அன்று நம் வீடுகளில் பலர் கேட்டிருப்பார்கள். சுடுகிறவர்களைக் கேட்டால்தான் விஷயம் புரியும். பிடி அவரவர் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கியது. விசை எந்த இடத்தில் விடுபடும் என்பது விரலுக்குப் பழகிப்போனது. இன்னொரு துப்பாக்கி என்றால், ஓட்டப்பந்தயத்தின் பாதியில் அடுத்தவர் சப்பாத்தை மாட்டிக்கொள்வது மாதிரிதான்.

இதனால்தான் "பிடியும் விசையும் அப்படியே இருக்கட்டும், குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனை இந்த விளையாட்டில் பல காலமாக இருக்கிறது. 2027 சீ விளையாட்டுப் போட்டியை மலேசியா நடத்தவிருக்கும் நேரத்தில், மகளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்திருக்கும் நண்பர் ஒருவரும் என்னிடம் இதையே கேட்டார். "ஒரு துப்பாக்கி, இரண்டு பேரல். இரண்டு போட்டியில் சுடலாமாமே? காசும் மிச்சமாமே?" யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி போன்ற போட்டித் துப்பாக்கிகளில் ஒரே அடிச்சட்டத்தின் மேல் பாயிண்ட் 22 பகுதியையும் பொருத்தலாம், பாயிண்ட் 32 பகுதியையும் பொருத்தலாம். ஆனால் மாறுவது குழல் மட்டுமல்ல. பாயிண்ட் 22 தோட்டாவில் ஊசி விளிம்பில் அடிக்கும், பாயிண்ட் 32-இல் நடுவில் அடிக்கும். எனவே ஊசி இருக்கும் போல்ட், தோட்டா அடைக்கும் மேகஸின் என்று சேர்த்தே வாங்க வேண்டும். இந்த மேல்பகுதி வாங்குவது பாதித் துப்பாக்கி வாங்குவதற்குச் சமம்.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப் இதைத் தடுக்கவில்லை. அளவோடு அனுமதிக்கிறது. 25 மீட்டர் பிஸ்டல், ரேபிட் ஃபயர் இரண்டுக்கும் 5.6 மில்லிமீட்டர், அதாவது பாயிண்ட் 22 மட்டும்தான். சென்டர் ஃபயர் போட்டிக்கு 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை. குழல் நீளம் 153 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, எடை 1,400 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விசை குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஒரு போட்டியைத் தொடங்கிய துப்பாக்கியாலேயே அதை முடிக்க வேண்டும். அது செயலிழந்தால் மட்டுமே மாற்றலாம். சுட்டு முடித்த பிறகும் விசையின் எடையைச் சோதிப்பார்கள். அதில் தவறினால் எடுத்த புள்ளியெல்லாம் போச்சு.

இங்கேதான் நண்பருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சென்டர் ஃபயர் ஒலிம்பிக்கில் இல்லை. 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் இருந்தது, அதில் இந்தியாவின் ஹர்பிரீத் சிங் தங்கம் வென்றார். இப்போதோ 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் துப்பாக்கி சுடுதலே கிடையாது. அதோடு, சென்டர் ஃபயர் ஆண்களுக்கான போட்டியாகவே நடந்து வந்திருக்கிறது. பிறகு மகளுக்கு எதற்கு பாயிண்ட் 32 பேரல்?

ஓடியபடி, திரும்பியபடி சுடும் ஐபிஎஸ்சி போட்டி தனி உலகம். அதன் உலகப் போட்டி 2022-இல் பக்கத்தில் உள்ள பட்டாயாவில்தான் நடந்தது. அங்கே தோட்டாவின் வேகத்துக்கும் எடைக்கும் புள்ளி உண்டு. குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். பாயிண்ட் 40 துப்பாக்கியில் 180 கிரெயின் குண்டு 950 அடி வேகத்தில் போனால் 171 வரும். ஸ்டாண்டர்ட் பிரிவில் 'மேஜர்' தகுதிக்கு 170 வேண்டும், தப்பித்தோம். அதே துப்பாக்கியில் 9 மில்லிமீட்டர் குழலைப் பொருத்தி 124 கிரெயின் குண்டை 1,050 அடியில் சுட்டால் 130 சொச்சம். இது 'மைனர்'. நடுப்பகுதியில் பட்டால் இரண்டுக்கும் 5 புள்ளிதான். சற்றுத் தள்ளிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. இன்னும் தள்ளினால் 2-க்கு 1. கை கொஞ்சம் நடுங்குகிறவருக்கு ஒரு போட்டி முழுக்க இந்த ஒவ்வொரு புள்ளியும் சேர்ந்து பெரிய இழப்பாகிவிடும்.

"அப்படியானால் விலை குறைந்த 9 மில்லிமீட்டரில் பயிற்சி, போட்டியில் பாயிண்ட் 40" என்பார்கள். செலவு குறையலாம்தான். ஆனால் உதைப்பு வேறு. மென்மையான உதைப்புக்குப் பழகிய மணிக்கட்டு போட்டியன்று புதிதாகக் கற்றுக்கொள்ளாது. புரொடக்‌ஷன் பிரிவிலோ, வெளியார் தயாரித்த உதிரிபாகங்களுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. போட்டி நடக்கும்போது தலைமை நடுவரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியை மாற்றினால் நேராக வெளியே அனுப்பிவிடுவார்கள்.

விதி மாறும்போது யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ரேபிட் ஃபயரில் 2004 வரை பாயிண்ட் 22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா பயன்பட்டது. ஏதென்ஸ் ஒலிம்பிக் முடிந்ததும், 2005 முதல் நீளமான பாயிண்ட் 22 எல்ஆர் தோட்டா மட்டும் என்று விதி வந்தது. குட்டைத் தோட்டாவுக்கென்றே செய்த அருமையான துப்பாக்கிகள் அந்தப் போட்டிக்கு ஒரே நாளில் உதவாமல் போயின. ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமன் 1992, 1996, 2004 என மூன்று தங்கம் வாங்கியவர். புதிய விதியின் கீழ் 2008 பெய்ஜிங்கில் 46 வயதில் வெள்ளி வாங்கினார். திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் அவர் துப்பாக்கித் தொழிற்சாலைகள் உள்ள நாட்டுக்காரர். ஐந்தாறு துப்பாக்கிகளை இருபது பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தும் கிளப்புக்கு இப்படியொரு சுற்றறிக்கை வந்தால் என்ன ஆகும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை புதியது வாங்கிக்கொள்ளும். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை காத்திருக்கும். குழல் மாற்றும் வசதியை நான் முழுவதும் ஒதுக்காததற்குக் காரணம் இதுதான். கிளப்பே ஒரு செட் வாங்கிப் பலருக்குக் கொடுத்தால் அது நல்ல ஏற்பாடு. தனி வீட்டுச் செலவாக அது வீண்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் நம் நாட்டுச் சட்டம். இணையத்தில் பேரல் விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, 'வெறும் இரும்புக் குழாய்தானே' என்று நினைத்துவிடக்கூடாது. மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உறுப்பு ஒவ்வொன்றும் ஆயுதம்தான். ஏர் பிஸ்டலும் அதில் அடக்கம். கையில் உள்ள உரிமம் அந்தத் துப்பாக்கிக்குத்தான், தனியே வாங்கும் குழலுக்கு அல்ல. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டம் இளகியதல்ல. அங்கே போட்டிக்குப் போகிறவர் பையில் ஒரு குழல் கூடுதலாக இருந்தால், அதற்கும் தாள் வேண்டும்.

நண்பரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்து கிளப்புக்கு அனுப்பினேன். மகள் எந்தப் போட்டிக்குத் தயாராகிறாள், அந்தப் போட்டியின் இந்த ஆண்டு விதிப்புத்தகம் என்ன சொல்கிறது, குழல் யார் பெயரில் பதிவாகும். முதல் கேள்வியிலேயே பயிற்றுநர் சிரித்துவிட்டாராம். அந்தப் பெண் இன்னும் 10 மீட்டரில், கிளப்பின் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலோடு நிற்கிறாள். பேரலுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் அவள் கைக்கு அளவாக ஒரு பிடி செய்யக் கொடுத்திருக்கிறார்கள்.