கேர் ஆஃப் முகவரியில் ஒரு சர்வர்

தொடர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். ஐந்தாவது ஞாயிறு ஒரே ஒரு எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அதை முதல் நாளே பார்த்திருக்கலாம். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தப் பதிவு.

பையன் ஒன்பதாம் வகுப்பு, மைன்கிராஃப்ட் பைத்தியம். திருநெல்வேலியில் என் அக்கா பையன், பெங்களூரில் மச்சினன் மகள், இங்கே பரோடாவில் இவன். மூணு பேரும் ஒரே உலகத்தில் வீடு கட்டி விளையாடவேண்டும். "சர்வரை நம்ம பழைய கம்ப்யூட்டர்லயே வச்சுக்கலாம்ப்பா, செலவே இல்ல" என்றான். செலவே இல்லை என்றதும் எனக்குள் இருந்த பேங்க் ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஸ்கூலில் இங்கிலீஷ், ஹிந்தி, தெருவில் குஜராத்தி என்று வளர்கிற பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அத்தை பையனோடு விளையாடும்போது மட்டும் "ஏலே, அந்தப் பக்கம் போவாத, விழுந்துருவ" என்று அசல் நெல்லைத் தமிழ்! இத்தனை டிரான்ஸ்ஃபரில் எங்களால் கொடுக்க முடியாததை அந்த விளையாட்டு கொடுக்கிறது. அதனால்தான் பி.காம். படித்த நான் ரவுட்டருக்குள் தலையை விட்டேன்.

வீட்டுக்குள் எல்லாம் சரி. என் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் போக முடிந்தது. திருநெல்வேலியிலிருந்துதான், "மாமா, டைம்டு அவுட்னே வருது."

முதல் ஞாயிறு, விண்டோஸ் ஃபயர்வால். நம் வீட்டு வைஃபையை அது 'பப்ளிக்' என்று நினைத்து ஜாவாவைத் தடுத்து வைத்திருந்தது. மாற்றினேன். இரண்டாவது ஞாயிறு, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565. (மொபைலில் ஆடும் பெட்ராக் பதிப்பு என்றால் யுடிபி 19132. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மூன்றாவது ஞாயிறு, கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டரின் உள்வீட்டு ஐபி மாறியிருந்தது, அதை ரவுட்டரில் நிரந்தரமாக்கினேன். நாலாவது ஞாயிறு, இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு போன். "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பண்ணினேன். என்னத்தைச் சொல்ல.

ஐந்தாவது ஞாயிறுதான் எங்கள் பழைய மேனேஜர் நினைவுக்கு வந்தார். டிரையல் பேலன்ஸ் இடித்தால் வவுச்சரைப் புரட்டாதே, முதலில் ஓப்பனிங் பேலன்ஸைப் பார் என்பார். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து 'வான் ஐபி' என்ற வரியைப் பார்த்தேன். 100 என்று ஆரம்பித்தது. 'என் ஐபி என்ன' என்று சொல்லும் இணையப் பக்கத்தில் வேறு எண். இரண்டும் டேலி ஆகவில்லை. கதை முடிந்தது.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் இணையத்தில் யாருக்கும் சொந்தமில்லை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும்போது நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தவென்று 2012-ல் ஒதுக்கப்பட்டவை. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட். அதாவது, என் வீட்டுக்கென்று தனி முகவரியே கிடையாது.

என் சித்தப்பா அந்தக் காலத்தில் மாட்டுங்காவில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருந்தார். கடிதமெல்லாம் கேர் ஆஃப் வீட்டுக்காரர். இவர் எழுதி, அதற்கு வரும் பதில் ஒழுங்காக வந்து சேரும். பெயர் போடாமல் கட்டிட முகவரிக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தால் யாருக்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். போர்ட் ஃபார்வர்டிங் என்பது வாசலில் நிற்பவரிடம் "25565 என்று வந்தால் என் அறைக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவைப்பது. நான் சொல்லிவைத்தது என் வீட்டு வாசலில். கடிதம் வந்து நிற்பதோ நிறுவனத்தின் வாசலில். அந்த வாசலில் உத்தரவு போட எனக்கு அதிகாரமில்லை. அப்புறம் நாலு ஞாயிறு என்ன, நாற்பது ஞாயிறு போராடினாலும் நடக்காது.

பகிர்வதைக் குற்றம் சொல்லவில்லை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பந்திக்குப் பிந்தி வந்த நமக்கு இலை மிச்சமில்லை. புரிகிறது.

என் புகார் வேறு. இதை இணைப்பு விற்கும்போதே ஏன் சொல்வதில்லை? நாங்கள் பேங்கில் தனிநபர் கடன் கொடுத்தால், 2024 அக்டோபர் 1 முதல் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளைக் கட்டாயம் கொடுக்கவேண்டும். வட்டி எவ்வளவு, கட்டணங்கள் சேர்த்து உண்மையில் எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குப் புரியும்படி இருக்கவேண்டும். ரிசர்வ் பேங்க் உத்தரவு. எங்களுக்கு அது கூடுதல் வேலைதான். ஆனால் நியாயமான வேலை. இணைய இணைப்பு விளம்பரத்திலோ வேகமும் ஓடிடி எண்ணிக்கையும் மட்டும் கொட்டை எழுத்தில். தனி முகவரியா, பகிர்வு முகவரியா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

எத்தனை பேர் வீட்டில் சர்வர் வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ரொம்பக் கம்மிதான். பெரும்பாலானோருக்குப் பகிர்வு முகவரியே போதும். வெளியாள் நேராகக் கதவைத் தட்ட முடியாது என்ற லாபமும் உண்டு. ஆனால் வேண்டியவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்பது வியாபாரமில்லை. போனை எடுப்பவருக்காவது அந்த ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டாமா?

வழிகள் மூன்று. காசு கட்டி நிலையான ஐபி வாங்கலாம். எங்கள் நிறுவனம் வணிக இணைப்புக்கு மட்டும்தான் என்றது. இரண்டாவது ஐபிவி6. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, இந்தியா அதில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் வழி திறந்தால் போதும். ஆனால் எதிர்ப்பக்கமும் ஐபிவி6 இருக்கவேண்டும். திருநெல்வேலியில் இருந்தது, பெங்களூரில் இல்லை. மூன்றாவது டனல். நம் கம்ப்யூட்டரே வெளியில் உள்ள ஒரு சர்வரை அழைத்துப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் அந்த சர்வரின் முகவரிக்கு வருவார்கள். கொஞ்சம் சுற்றுவழி, அதனால் கொஞ்சம் தாமதம். எங்களுக்கு இதுதான் கைகொடுத்தது.

எந்த வழியானாலும், வீட்டுக்குள்ளிருந்து உங்கள் வெளி முகவரியையே சோதித்து ஏமாறாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சில ரவுட்டர்களில் அது வேலை செய்யாது. மொபைல் டேட்டாவில் இருக்கும் ஒருவரை முயலச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாரம் ஆத்திரத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிட்டேன். கிளையில் பாஸ்வேர்டைப் பற்றி வகுப்பெடுக்கும் மனுஷன்! 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஓட்டை வெளியானபோது, மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி டைப் செய்தே அடுத்தவர் சர்வரில் புகுந்துவிட முடிந்தது. 1.18.1 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். ஆகவே புதிய பதிப்பையே போடுங்கள், ஒயிட்லிஸ்ட் வைத்துத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் விடுங்கள், அந்தக் கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் வேண்டாம்.

அடுத்த டிரான்ஸ்ஃபரில் புது ஊர், புது இணைப்பு என்று வரும்போது கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: "எனக்குத் தனி ஐபி உண்டா, இல்லை சிஜிநாட்டா? ஐபிவி6 உண்டா? நிலையான ஐபி என்ன விலை?" பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

பி.கு: மூணு பேருமாகச் சேர்ந்து தாமிரபரணி என்று ஒரு ஆறு வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று சண்டை நடக்கிறது. சண்டை தமிழில் :-)