சிங்கனும் துரைமாரும்
ஐந்தருவிச் சாரலில் நனைந்தபடி மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன் நினைவுக்கு வந்தான். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற ஆள். இன்று இதே மலையில் கண்ணி வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ணவேண்டியதுதான். துரைமார் கதை வேறு. சுட்டுத் தள்ளிய வேட்டைக்காரர்களே 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் வைத்தார்கள். 1879இல் சட்டமே வந்தது. உரிமம் வாங்கு, சீசனில் மட்டும் சுடு. இதே எண்ணத்தோடு பாரீஸில் வேட்டை, வனவிலங்குப் பாதுகாப்புக்கான சர்வதேசக் கவுன்சில் பிறந்தது 1930இல்தான். வரையாடு பிழைத்ததில் நீலகிரிச் சங்கத்துக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உரிமத்துக்குத் துரையிடம் காசிருந்தது; சிங்கன் எங்கே போவான்? யோசனையில் கை அசந்த நேரம், குரங்கு பஜ்ஜியைப் பொட்டலத்தோடு கொண்டுபோய்விட்டது.