நூற்றுக்கு எத்தனை?

“பந்தடிப்பதற்கு 27 கோடியா! அடுக்குமா ஐயா இது?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு நண்பர். 2024 நவம்பரில், ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ அணி அந்த விலைக்கு எடுத்த மறுநாள் அது. நண்பர் பென்ஷன்காரர், கோடி என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எனக்கும் முதலில் திகைப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்ததில், கேட்கவேண்டிய கேள்வியே வேறு என்று பட்டது.

வாரத்துக்குப் பயிரிடுகிறவன் களத்துமேட்டில் நின்றுகொண்டு, “எனக்கு எத்தனை மூட்டை?” என்பதோடு நிறுத்திக்கொள்வானா? கண்டுமுதல் எவ்வளவு, அதில் தன் பங்கு எவ்வளவு என்றல்லவா கேட்பான்! ஐ.பி.எல். கண்டுமுதல் ஒன்றும் ரகசியமல்ல. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. வருஷத்துக்குச் சராசரி 9,678 கோடி. 2025-இல் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடக்கூடிய உச்சவரம்போ 120 கோடி. அவ்வாண்டு புதிதாக வந்த ஆட்டப்படிக்கு 12 கோடியே 60 லட்சம். பத்து அணிக்கும் சேர்த்தால் 1,326 கோடி. நூற்றுக்குப் பதினாலுகூடத் தேறவில்லை! டிக்கெட் பணத்தையும் விளம்பரப் பணத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளிகளின் சொர்க்கம் என்று பெயரெடுத்த தேசம். அங்கே என்.பி.ஏ. கூடைப்பந்தில், ஆட்டத்தால் வரும் வருமானத்தில் நூற்றுக்கு 49 முதல் 51 வரை ஆட்டக்காரர்களுக்கு. ஐஸ் ஹாக்கியில் சரிபாதி. அவர்களுடைய ஃபுட்பாலில், 2020-இல் செய்த ஒப்பந்தப்படி, 48-க்குக் குறையக்கூடாது. இதை யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்டவில்லை. சங்கம் வைத்தார்கள், மல்லுக்கு நின்றார்கள். 1994-இல் பேஸ்பால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் அந்த வருஷத்து ‘வேர்ல்ட் சீரீஸ்’ நடக்கவே இல்லை. எப்போதும் அவர்களே ஜயித்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். 2011-இல் கூடைப்பந்து முதலாளிகள் கதவடைத்த பிறகு, ஆட்டக்காரர் பங்கு 57-லிருந்து ஏறக்குறையப் பாதிக்கு இறங்கிற்று. ஆனாலும் பேசித்தான் இறக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1961 வரை, கால்பந்து ஆட்டக்காரனுக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாதென்று விதி இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகே அது ஒழிந்தது. உடனே ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுன்!

அந்த விதி செத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் ஆஸ்திரேலியர் கேமரன் கிரீனைக் கொல்கத்தா அணி 25 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. அவர் கைக்குப் போவது 18 கோடி. சிறிய ஏலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு அதுதான் வரம்பாம். பாக்கி 7 கோடியே 20 லட்சம் கிரிக்கெட் வாரியத்துக்கு. எதற்கு? ஆட்டக்காரர்களின் நலனுக்கு! பசுவின் மடியில் கறந்த பாலை எடுத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகை தருமத்துக்கு என்று ரசீது கொடுத்த மாதிரி இல்லையா?

“ரஞ்சி ஆட்டமும் சின்ன ஊர் மைதானமும் இந்தப் பணத்தில்தானே நடக்கின்றன?” என்பார்கள். உண்மைதான். நடக்கட்டும். அதற்கு எவ்வளவு, அணி முதலாளிக்கு எவ்வளவு, ஆடுகிறவனுக்கு எவ்வளவு என்று பேசுகிற இடத்தில், ஆடுகிறவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டாமா?

நான் நாவல் எழுதிப் பிழைப்பவன். புஸ்தகம் விற்றால் நூற்றுக்குப் பத்து எனக்கு. குறைச்சல்தான், பதிப்பாளரோடு அதற்காகச் சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆனால் பத்து என்று காகிதத்தில் இருக்கிறது. அதனால்தான் சண்டை பிடிக்க முடிகிறது.

நம் ஆட்டக்காரர்களுக்கு 2019-இல் ஒரு சங்கம் வந்தது. அது ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும். இன்று மட்டை பிடிப்பவனுக்குச் சங்கம் கிடையாது. 27 கோடிக்காரருக்கு அது இல்லாமலே நடந்துவிடும். 30 லட்சத்துக்கு எடுக்கப்பட்டு, பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்து, அடுத்த ஏலத்தில் பெயர்கூடக் கூப்பிடப்படாமல் ஊர் திரும்புகிறானே ஒரு பையன், அவன் யாரிடம் போய்க் கேட்பான்?