மருத்துவச்சிக்கு ஒரு மணி நேரம்

புதுவையிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில், மூலக்குளத்தை எட்டுவதற்கு முன்பே வருவது எல்லைப்பிள்ளைச்சாவடி. ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. மூலக்குளத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு நல்ல சேதி அந்த வாசலிலிருந்து வருகிறது. ஆணா, பெண்ணா என்று கேட்கிறோம். எடை எவ்வளவு என்று கேட்கிறோம். பிள்ளையை முதலில் கையில் ஏந்திய நர்ஸம்மா அன்றிரவு எத்தனை பிரசவம் பார்த்தார், அவற்றுள் எது அவர் மனத்தை உறுத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய மேலதிகாரிகளாவது கேட்கிறார்களா?

எந்த ஓர் ஆஸ்பத்திரியையும் குறை கூறுவது நம் நோக்கமல்ல. நாடு முழுவதற்கும் பொதுவான சங்கதி இது. நம்மிடையே மேற்பார்வை என்றால் பெரும்பாலும் ரிஜிஸ்தரைப் புரட்டுவது, கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் விளக்கம் கேட்பது. கணக்கு அவசியந்தான். ஆனால் கட்டத்துக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். இரவு இரண்டு மணி. குழந்தை பிறந்துவிட்டது, ஆக்சிடோசின் ஊசி போட்டாயிற்று, நஞ்சும் விழுந்துவிட்டது. ஆனால் உதிரப்போக்கு நிற்கவில்லை. 'சற்றுப் பார்ப்போம்' என்று மருத்துவச்சி பத்து நிமிஷம் பொறுக்கிறார். பிறகு டாக்டரை அழைக்கிறார். தாய் பிழைத்துக்கொள்கிறாள். ரிஜிஸ்தரில் 'சுகப்பிரசவம்' என்று பதிவாகிறது. அந்தப் பத்து நிமிஷம் எங்கே போயிற்று? உதிரம் அதிகம் என்று முதலில் எப்போது தோன்றியது? எதற்காகக் காத்திருந்தார்? கண்ணளவை நம்பியா, அல்லது தூங்கும் டாக்டரை எழுப்பினால் வசவு விழும் என்று அஞ்சியா? கண்ணளவில் உதிரப்போக்கு குறைவாகவே தெரியும் என்பது தெரிந்த விஷயம். அளவுக்கோடிட்ட விரிப்பைப் பயன்படுத்தி, உடனுக்குடன் சிகிச்சையும் தொடங்கியபோது கடும் உதிரப்போக்கு 60 சதவீதம் குறைந்ததாக, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. விரிப்பை வாங்கிவிடலாம். அச்சத்தை அளக்க விரிப்பு ஏது?

அதற்குத்தான், செய்த வேலையைப் பின்னோக்கி நினைத்துப் பேசும் பழக்கம் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷோன் 1983-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், மறுமுறை என்ன செய்வேன் என்ற மூன்று கேள்விகளை, அனுபவமுள்ள ஒருவரின் எதிரே உட்கார்ந்து ஆற அமரப் பேசுவதே இதன் சாரம். பிரெஞ்சு மொழியில் மருத்துவச்சியைச் 'சாஜ் ஃபாம்' என்பார்கள்; 'அறிவுள்ள பெண்' என்பது அதன் நேர்ப்பொருள். பெயரில் மரியாதை இருந்து என்ன பயன்? யோசிக்க நேரம் வேண்டாமா?

எதிரே உட்காருபவர் யார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1902-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சிகளுக்கு மேற்பார்வையை ஏற்படுத்தியது. காலப்போக்கில் ஆதரவு தருவதும், தவறு நேர்ந்தால் விசாரிப்பதும் ஒரே மேற்பார்வையாளரின் பொறுப்பாயின. பாரோ நகரத்து ஆஸ்பத்திரியில் 2004 முதல் 2013 வரை நடந்த பிரசவங்களை ஆராய்ந்த கிர்க்கப் விசாரணை, சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் 11 குழந்தைகளும் ஒரு தாயும் பிழைத்திருக்கக்கூடும் என்று 2015-ல் அறிவித்தது. அங்கே மேற்பார்வை விசாரணைகள் நடக்காமல் இல்லை. ஆனால் உடன் வேலை பார்ப்பவர்களே விசாரித்ததால் குறைகள் வெளிவரவில்லை. அச்சம் வாயை அடைப்பது போலவே சிநேகமும் அடைக்கும்! 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு அந்தச் சட்டபூர்வ மேற்பார்வை முடிவுக்கு வந்தது. விசாரணை ஒரு பக்கம், மருத்துவச்சிக்குத் துணை நிற்பது இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் வாசல் திறந்தே இருக்கிறது. மயிரிழையில் உயிர் தப்பிய தாய்மார்களின் விவரங்களை ஆராய மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிமுறை வகுத்தது. 2018-ல் வந்த வழிகாட்டுதல், 18 மாதப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை உருவாக்கச் சொல்கிறது. தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையத்துக்கான சட்டம் 2023-ல் நிறைவேறியது. பயிற்சிக்கும் சட்டத்துக்கும் குறைவில்லை. பயிற்சி முடிந்து வார்டுக்குள் நுழைந்த பின் பத்து வருஷம், இருபது வருஷம் அந்தப் பெண்ணோடு பேசப்போவது யார் என்பதுதான் பாக்கி.

பேசிவிட்டால் மரணம் குறைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையைப் பேச்சால் தீர்க்க முடியாது. அலட்சியத்தால் உயிர் போயிருந்தால் அதற்குத் தனி விசாரணை வேண்டும். 'நினைத்துப் பார்த்தேன்' என்று சொல்லித் தப்பக் கூடாது. ஆனால் தாய் பிழைத்துவிட்டதால் ஒருவர் வாயிலும் வராமல் போகும் அந்தப் பத்து நிமிஷங்கள் விசாரணைக்குச் சிக்குவதில்லை.

புதுவை சிறிய பிரதேசம்; செய்து பார்ப்பது எளிது. ஒரே ஒரு பிரசவ வார்டில் தொடங்கட்டும். மாதம் ஒரு மணி நேரம், அதுவும் டியூட்டி நேரத்துக்குள். எதிரே உட்காரும் மூத்த மருத்துவச்சி வேறு வார்டைச் சேர்ந்தவராக, லீவு, மாற்றல், ரகசியக் குறிப்பு மூன்றிலும் கை வைக்க முடியாதவராக இருக்கட்டும். அங்கே ரிஜிஸ்தர் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள மட்டும் மாற்று ஆள் ஒருவரைச் சர்க்கார் கொடுத்தாக வேண்டும்.