கட்டடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தால் போதுமா?

கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டடத்தின் முப்பரிமாண மாடல் சுழல்கிறது. தூண்கள் சிவப்பு, சுவர்கள் மஞ்சள், கூரை பச்சை. சிவப்பு என்றால் சுற்றுச்சூழலுக்குக் கேடு, பச்சை என்றால் நல்லது. கட்டடம் கட்டுபவர் தலையாட்டுகிறார். ஆர்க்கிடெக்ட் புன்னகைக்கிறார். எல்லாம் சரி, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா?

இதற்குப் பின்னால் இருப்பது எல்.சி.ஏ., அதாவது வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. கல் வெட்டுவதில் தொடங்கி, கட்டடத்தை இடித்து அகற்றுவது வரை எவ்வளவு பாதிப்பு என்ற கணக்கு. ஐரோப்பாவின் ஈ.என். 15978 தரநிலை (2011) இதைப் பிரித்து வைத்திருக்கிறது: பொருள் தயாரித்துக் கட்டுவது ஏ, பயன்பாடு பி, இடிப்பது சி, மறுபயன்பாட்டால் பின்னால் வரும் லாபம் டி.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் மரம் வளரும்போது சுமார் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து வைக்கிறது. அதனால் ஏ கட்டத்தில் கணக்கு மைனஸில் போகும். அதை மட்டும் படம் போட்டால் உத்தரம் பச்சைப் பசேல்! கட்டடத்தை இடித்து மரத்தை எரித்தால் அதே 700 கிலோ சி கட்டத்தில் திரும்பி வருமே, அது படத்தில் எங்கே? மரம் கெட்டது என்பதல்ல வாதம். பாதிக் கணக்குக்கு முழு வண்ணம் அடிப்பதுதான் தப்பு.

இன்னொரு கூத்தும் உண்டு. ஈ.என். 15804-இன் 2019 திருத்தப்படி ஒரு கட்டுமானப் பொருளுக்கு 13 முக்கியக் குறியீடுகள். வெப்பமயமாதல், அமில மழை, நீர்ப் பயன்பாடு என்று நீளும். அத்தனையையும் நசுக்கி ஒரே நிறமாக்கினால், எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிலோ கார்பன் சமம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். பொருள்களை ஒப்பிட்டுப் பொதுமக்களுக்குச் சொல்லும் ஆய்வுகளில் இப்படி எடைபோடக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 14044 (2006) தெளிவாகவே சொல்கிறது.

"டிசைனருக்கு நேரமில்லை, எளிமையாகக் காட்டினால்தான் பார்ப்பார்" என்பார்கள். நியாயம்தான். எத்தனை மாடி, தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் முதல் ஸ்கெட்சிலேயே முடிவாகிவிடும். படம் அப்போதே தேவை. ஆனால் அப்போது எந்த சிமென்ட், அதில் எவ்வளவு கிளிங்கர், எவ்வளவு கசடு என்று எதுவும் தெரியாது. ஆகவே கான்கிரீட்டுக்கு ஒரு புள்ளி வைக்காதீர்கள். குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று பட்டையாக வரையுங்கள். இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், "எது மேல் என்று இப்போது சொல்ல முடியாது" என்று எழுதுங்கள். அதில் என்ன வெட்கம்?

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ என்று டென்மார்க் 2023-இல் வரம்பு விதித்தது. 2025-இல் அதை இன்னும் இறுக்கியது. கணக்கு சட்டமாகிவிட்ட காலத்தில், படம் பொய் சொன்னால் அது வெறும் படமாக நிற்காது. கான்கிரீட்டாக ஐம்பது வருடம் நிற்கும்.