சலவை அறைச் சுவரும் பூந்திக்கொட்டைக் கிளையும்

மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்தோடுகிற கித்துல்கலையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது என்று கணக்காகச் சொல்வதைவிட, வைகாசி பிறந்து தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரவாடையோடு கொடியில் தொங்குகிறது என்று சொன்னால், இப்பிரதேசத்துக் குடும்ப ஸ்திரீகள் அனைவரும் அதனை உடனே ஆமோதிப்பார்கள். வெளியூரார் இவ்வூரை 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' என்னும் திரைப்படத்தின் பாலம் கட்டப்பட்ட இடமாகவும், ஆற்று வேகத்தில் படகு விடும் உல்லாச ஸ்தலமாகவும் அறிவார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கோ ஆறும் மழையும் எல்லாவற்றுக்கும் முன்னதாகத் துவைப்பதற்கும் குளிப்பதற்கும் உரிய விஷயங்கள்.

இங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சலவைக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. நெருக்கமாகக் கட்டப்பட்ட காம்பராக்களுக்குப் பொதுவாக, மலைச்சரிவில் ஊற்றெடுத்த நீரைக் குழாயாலோ மூங்கிலாலோ கொண்டுவந்து விழவைத்த பீலி ஒன்று இருந்தது. அப்பீலிக்கரையிலே, மலையில் கொழுந்தும் ரப்பர்க் காட்டில் பாலும் எடுத்துத் திரும்பிய பெண்கள், பொழுது சாயுமுன் குழந்தைகளின் பள்ளிச் சட்டையிலிருந்து புருஷர்களின் வேலைச் சாரம் வரையில் அனைத்தையும் கல்லில் அடித்துத் துவைத்தார்கள். அவற்றுள் ரப்பர்ப் பால் பட்ட துணியின் கதையே வேறு: மரத்திலிருந்து வடியும்போது வெண்மையாக இருக்கிற அந்தப் பால் துணியில் உறைந்தபின் கருத்துத் தடித்து, எந்தச் சவுக்காரத்துக்கும் அசைந்துகொடுக்காமல், துணி கிழியும் நாள்வரையில் அதனோடேயே இருந்துவிடும். இவ்வூர் அடங்கிய சபரகமுவைத் தோட்டங்களில் தேயிலையும் ரப்பரும் அடுத்தடுத்து நிற்பதனால் இவ்விரண்டின் கறையையும் ஒரே குடும்பத்துத் துணிகளில் காணலாம். இந்தச் சலவையை ஒருவரும் உத்தியோகமாகக் கணக்கிட்டதில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை, பெயர் பதியப் பிரட்டுக்களமும் இல்லை.

ஆதலால், லயத்தைவிட்டு வெளியேறிச் சொந்தக் காணியில் சிறியதொரு வீட்டைக் கட்டிக்கொள்ளும் பாக்கியம் பெற்ற ஒரு சில குடும்பங்கள், குசினிக்குப் பின்புறத்தில் துணி துவைப்பதற்கென்றே கூரையும் சுவரும் உள்ள ஓர் அறையை ஒதுக்குவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் சாதாரணமானதன்று. அப்படிப்பட்ட வீடு ஒன்றில், கொழும்பில் வேலை பார்க்கும் மகள், அவ்வறைச் சுவரில் செடிகொடிப் படங்கள் மூன்றைச் சட்டமிட்டு மாட்டியிருந்தாள். ஆங்கிலேயக் கிராமத்துக் குடில்களின் பாணியிலே, வெளிறிய காகிதத்தில், வேரும் இலையும் பூவுமாக வரையப்பட்ட லவண்டர், டெய்சி, காட்டு ரோஜா. "அம்மா ஒரு நாள்ல பாதி நேரம் இதுக்குள்ளதான் சேர் நிக்கிறாங்க, சாமி அறைக்கும் சாலைக்கும் மட்டும் படம் மாட்டிட்டு இத வெறுஞ்சுவரா விடுறது சரியில்லன்னு பட்டிச்சு" என்றாள் அவள். இந்த வார்த்தையை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். விருந்தினர் கண்ணுக்கு மாத்திரம் அழகை ஒதுக்கிவைத்து, வீட்டில் அதிக நேரம் உழைக்கிறவளின் கண்ணெதிரே பூஞ்சணம் பூத்த சீமெந்துச் சுவரை விட்டுவைப்பது நியாயமான ஏற்பாடு ஆகாது. படம் மாட்டியது சரியே. எந்தப் படம் என்பதைப் பற்றி மாத்திரம் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதனைச் சொல்லவே இவ்வாரப் பத்தி.

லவண்டர் ஆங்கிலேயரின் சலவை அறைக்குள் வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. வெளுத்த துணியை அந்தப் புதர்களின்மேல் விரித்து உலர்த்துவதும், காய்ந்த பூவைச் சிறு பைகளில் கட்டித் துணிப்பெட்டகத்தின் மடிப்புகளுக்குள் வைத்துப் பூச்சியை விரட்டி மணமூட்டுவதும் அந்நாட்டு இல்லத்தரசிகளின் வழக்கம். அதாவது, அந்தச் செடி சலவையில் அவர்களுக்குத் துணைநின்றது. துணைநின்ற செடியின் உருவத்தைச் சுவரில் வைத்து மரியாதை செய்தார்கள். இந்த நியாயத்தை நாம் கடன் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. வாங்கிக்கொண்டால், நம்முடைய சலவைக்குத் துணைநின்ற செடிகளையல்லவா நம்முடைய சுவர் கேட்கும்?

அவற்றுள் முதல் ஸ்தானம் பூந்திக்கொட்டைக்கு உரியது. சவுக்காரக் கட்டி கடைக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, அதன் காயின் சதைப்பற்றில் உள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்துப் பட்டையும் கம்பளியையும் நூல் கெடாமல் சுத்தம் செய்து கொடுத்தது. இன்றும் பொற்கொல்லர் நகையைத் துலக்குவதற்கு அதனையே நாடுகிறார்கள். அடுத்தது சேங்கொட்டை. தமிழகத்து வண்ணார்கள் பல வீட்டுத் துணிகளையும் ஒரே வெள்ளாவியில் வைத்து அவித்த காலத்தில், இன்னது இன்னார் வீட்டுத் துணி என்று அறிவதற்காக அக்கொட்டையின் கருஞ்சாற்றைத் தொட்டு ஓரத்தில் இட்ட குறி, எத்தனை வெளுப்புக்கும் அழியாமல் நின்றது. வீட்டுக்கு வீடு வேறுபட்ட அந்தக் குறிகளைத் தம் நினைவிலேயே வைத்திருந்து, நூற்றுக்கணக்கான துணிகளுக்கிடையே பிழையின்றிப் பிரித்தெடுத்த அந்த மனிதர்களின் ஞாபகசக்தியைப் பற்றி நம்மவர்கள் எழுதிவைத்தது மிகவும் சொற்பம். இவற்றோடு, வெள்ளை மங்காமல் இருக்கக் கடைசி அலசலில் சேர்க்கும் நீலத்துக்கு ஒரு காலத்தில் சாயம் தந்த அவுரியையும், துணிப்பெட்டிக்குள் நமது பாட்டிமார் முடிந்துவைத்த வெட்டிவேரையும் சேர்த்துக்கொள்ளலாம். தேயிலை மலைகளில் மண் அரித்துப் போகாமல் வரம்பு கட்டி நிற்கிற புல்லும் இந்த வெட்டிவேரே என்பதனால், தோட்டத்து ஜனங்களுக்கு அது இரட்டை உறவு.

இச்செடிகளுக்கு லவண்டரைப் போல நேர்த்தியான சித்திரங்கள் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு, இலங்கையிலும் தமிழகத்திலும் அத்தகைய சித்திரக் கலை எவ்வளவு உன்னதமாக விளங்கியது என்பதைச் சொல்வது அவசியமாகிறது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் பேராதனையில் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்ட பின்பு, அங்கே சித்திரக்காரராக அமர்ந்த ஹரமானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்களவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே ஆசனத்தில் இருந்து இந்நாட்டுச் செடிகளை இலை நரம்பு முதல் மகரந்தக் காம்பு ஈறாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவருடைய புத்திரர்களான வில்லியமும் ஜார்ஜும் அதே தொழிலைக் கைக்கொண்டார்கள். ஹென்றி டிரைமன் எழுதத் தொடங்கி, அவர் 1896இல் காலமானபின் ஜோசப் ஹூக்கரால் 1900இல் நிறைவுபெற்ற இலங்கைத் தாவர நூலின் சித்திரங்களில் வில்லியம் டி அல்விஸின் கைவண்ணத்தைக் காணலாம். பிரெடெரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலில், 1880 முதல் 1887 வரையில் வெளிவந்த மூன்று பாகங்களுக்கும், அச்சகோதரர்கள் இருவருமே மூலச்சித்திரம் எழுதினார்கள். கடலுக்கு அப்பால் சென்னை ராஜதானியில் ராபர்ட் வைட் என்னும் வைத்தியரிடம் பணிபுரிந்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரும் இவ்வாறே. வைட் 1838 முதல் 1853 வரையில் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரச் சித்திரத் தொகுதிகளில் 2000க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி இவ்விருவரின் விரல்களிலிருந்து பிறந்தவை.

இந்தக் கலைஞர்களின் பெயர்கள் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதற்கு இரண்டு ஆர்க்கிட் செடிகள் சாட்சி. வைட் ஒரு பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். இங்கே, இலையே இல்லாமல் பட்டையில் ஒட்டிய பச்சை வேர்களாலேயே உணவு சமைத்து வாழும் மிகச் சிறிய மரவொட்டி ஒன்று டி அல்விஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், 1876இன் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து சில வாரங்கள் தங்கி வரைந்து சென்ற மரியான் நோர்த் அம்மையாருக்கு லண்டன் கியூ பூங்காவில் 1882 முதல் ஒரு மண்டபமே இருக்க, 800க்கு மேற்பட்ட படங்கள் அதன் சுவர்களை இடைவெளியின்றி மூடியிருக்க, ஆயுள் முழுவதும் இம்மண்ணிலே இருந்து வரைந்தவர்களின் படம் ஒன்றுகூட நம் ஊர்ச் சுவரில் இல்லையென்பது எனக்கு மனக்குறையாகவே இருக்கிறது. அந்த அம்மையாரின் உழைப்பும் திறமையும் போற்றத்தக்கவை, குறை நம்முடையது.

கித்துல்கலைக்காரர்கள் தங்கள் சலவை அறைக்குக் கித்துல் மரத்தையே தெரிந்தெடுத்தாலும் நான் மறுக்கமாட்டேன். பனைக் குடும்பத்திலே ஓலை இருமுறை பிரிந்து, ஒவ்வொரு சிற்றிலையும் மீன்வாலைப் போல நுனி கத்தரித்து நிற்கும் அமைப்பு இம்மரம் சேர்ந்த பேரினத்துக்கு மாத்திரமே உரியது. தமிழர் கூந்தற்பனை என்று அழைக்கும் இம்மரம், பருவம் வந்ததும் உச்சியில் முதற் பாளையை விட்டு, பிறகு படிப்படியாகக் கீழ்நோக்கிப் பூத்து, கடைசிக் குலையும் பழுத்தபின் பட்டுப்போகிறது. இவ்வளவு விசித்திரமான ஜீவியம் உடைய ஒரு விருக்ஷத்தைச் சித்திரக்காரன் காகிதத்தில் அடக்குவது அத்தனை எளிதன்று. ஓலையின் ஒரு கிளையையும், பூங்குலையின் ஒரு சரத்தையும், குறுக்கே வெட்டிய பழத்தையும் தனித்தனியே வரைந்து ஒரே தாளில் அமைப்பதே தாவரச் சித்திர மரபு.

மாட்டும் முறையைப் பற்றியும் சற்று எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1864 தொடக்கம் டெய்சி முதலான மலர்க்கோலங்களை அச்சிட்டு விற்ற சுவர்க்காகிதங்கள் சிலவற்றில் பச்சை நிறத்துக்கு ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்திருந்தது; ஈரம் ஊறிய சுவர்களில் பூஞ்சணம் வளர்ந்து அந்தப் பாஷாணத்தை நச்சுவாயுவாக மாற்றக்கூடும் என்பதைப் பிற்பாடு இத்தாலியரான கோசியோ பரிசோதித்துக் காட்டினார். இன்றைய மையில் அந்த அபாயம் இல்லையாயினும், ஈரச்சுவரில் காகிதத்தை ஒட்டுவது இன்றும் அறிவீனமே. ஆதலால் சுவர்க்காகிதத்தை விட்டுச் சட்டப்படத்தையே கொள்க. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுக. கண்ணாடியும் காகிதமும் ஒட்டாதபடி இடையே தடித்த அட்டை விளிம்பு இருக்கட்டும். சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்புறமாகச் சிறு தக்கைத்துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று உலாவும். சுவருக்குப் பிளாஸ்டிக் பூச்சைவிடச் சுண்ணாம்பே மேல், ஏனெனில் அது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும் படங்களை இறக்கி, முதுகைத் துடைத்து, இராமபாணப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அரைநாள் நிழலில் உலர்த்தி மீண்டும் மாட்டுவது உத்தமம்.

பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. தேயிலைச் சரிவுகளின் ஓரத்தில், இலையின் அடிப்புறம் முழுவதும் வெண்பொடி படிந்த ஒரு பன்னம் வளர்கிறது; தோட்டத்துப் பிள்ளைகள் அதனைக் கையில் அழுத்தி வெள்ளை அச்சு எடுத்து விளையாடுவார்கள். அந்த இலையைக் கருநிறக் காகிதத்தில் மெதுவாக அழுத்தி எடுத்து, பொடி கலையுமுன் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால், ஒரு ரூபாய் மைச்செலவும் இல்லாமல் நரம்பு நரம்பாய்த் தெரியும் சித்திரம் கிடைக்கிறது. பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். பிள்ளை தன் பெயரையும், செடி பறித்த இடத்தையும், திகதியையும் கீழே எழுதவேண்டும் என்பது மாத்திரம் என் நிபந்தனை.

பேராதனைப் பூங்காவின் அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் இது: டி அல்விஸ் குடும்பத்தாரின் சித்திரங்களில் ஓர் இருபதைத் தெரிந்தெடுத்து, நல்ல காகிதத்தில் அச்சிட்டு, செடியின் தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் தாவரவியற் பெயரும் கீழே வர, வரைந்தவரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் பொறித்து, ஒரு தோட்டத் தொழிலாளி தயங்காமல் கொடுக்கக்கூடிய விலைக்கு வாசலிலேயே விற்கவேண்டும். அவற்றில் பூந்திக்கொட்டைக் கிளை ஒன்றும் இருக்குமானால், நான் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை மேற்சொன்ன மகளுடைய தாயாரின் சலவை அறைக்குக் கொடுப்பேன்.