முகாம் என்று பெயரிட்ட சிறை

சென்ற மாதம் பிள்ளைப்பாக்கத்தில் கூடிய எங்கள் அன்பியத்தில், மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் வாசிக்கப்பட்டபின், திருச்சி சிறப்பு முகாமைப் பற்றி நான் சில வார்த்தைகள் சொன்னேன். முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். "ராஜீவ் காந்தியைக் கொன்ற மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்காகப் பரிந்து பேசுகிறீர்களே, தம்பி!" என்றார். எவரும் மேற்கொண்டு பேசவில்லை. செபமாலை சொல்லிக் கலைந்தோம். அன்று அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பெரியவரின் துயரத்தை நான் மறுக்கவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது கொடிய கொலை. ஒரு தலைவரோடு, காவலுக்கு நின்றவர்களும் பார்க்க வந்தவர்களும் மாண்டனர். அதற்காக வழக்கு நடந்தது, தண்டனை வழங்கப்பட்டது. அது நீதியின் வழி. ஆனால், 1983 ஜூலைக் கலவரம் தொட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த ஏனையோர் என்ன செய்தார்கள்? நேற்றுவரை உடன்பிறப்புகள் என அணைத்துக்கொள்ளப்பட்டவர்கள், அந்த ஓர் இரவுக்குப்பின் சந்தேகத்துக்குரியவர்கள் ஆயினர். நமது துயரத்துக்கான விலையை அதில் எப்பங்கும் இல்லாதவர்கள் செலுத்தினர், இன்றும் செலுத்துகின்றனர்.

சாதாரண முகாம்களை நாம் அறிவோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகளுக்கு நிதியும் ஒதுக்கியது. பாராட்டுக்குரிய செயல். ஏறத்தாழ 58,000 பேர் அப்போது அங்கு வாழ்ந்தனர். சிறப்பு முகாம் என்பது வேறு. 1990களின் தொடக்கத்தில் வேலூர்க் கோட்டையிலும், பின்னர் செங்கல்பட்டிலும் பூந்தமல்லியிலும் இருந்து, இன்று திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் இருப்பது அது. நம் ஊரிலிருந்து பூந்தமல்லி எத்தனை தூரம்? வேலைக்கும் கல்யாணத்துக்கும் அவ்வழியே எத்தனை முறை போய் வந்திருப்போம்!

அதன் சூட்சுமம் சட்டத்தின் ஒரு சொல்லில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஓர் அயல்நாட்டவரைக் குறிப்பிட்ட இடத்தில் 'தங்கியிருக்க' ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. தங்கியிருப்பவன் கைதி அல்லன். கைதி அல்லாதவனுக்குத் தண்டனைக் காலமும் இல்லை. காலம் இல்லாததனால் விடுதலை நாளும் இல்லை. கொலைக் குற்றவாளிகூடத் தன் நாள்களை எண்ணிச் சுவரில் கோடு கிழிக்கலாம். சிறப்பு முகாமில் இருப்பவன் எதை எண்ணுவான்? பிணை பெற்றவர்களும், தண்டனை முடித்தவர்களும் சிறை வாயிலிலிருந்து நேரே இங்கே கொண்டுவரப்பட்டனர். பட்டினிப் போராட்டங்கள் பல நடந்தன. 2025 செப்டம்பரில் அந்தப் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. அதே அதிகாரம் அதிலும் தொடர்கிறது.

பெரியவர் கேட்ட அதே வழக்கிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 2022 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் எஞ்சியிருந்த அறுவரையும் விடுவித்தது. அவர்களுள் இலங்கையரான நால்வர் திருச்சிச் சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சாந்தன் அவர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் இருந்த தாயைப் பார்க்க அனுப்புங்கள் என்பதே அவர் கேட்டது. நாட்டைவிட்டுப் போக விரும்பிய ஒருவரை, நாட்டைவிட்டு அனுப்பவேண்டும் என்னும் காரணத்துக்காகவே அடைத்து வைத்திருந்தோம்! ஈரல் நோய் முற்றி, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். மருத்துவமனையின் பெயர் ராஜீவ் காந்தியுடையது. தாயிடம் போய்ச் சேர்ந்தது உடல். மற்ற மூவர் அடுத்த ஏப்ரலில் அனுப்பப்பட்டனர். குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவருக்காக ஏன் உருகுகிறாய் என்று கேட்கலாம். தீர்ப்பு முடிந்தபின் நீளும் தண்டனையை விதித்த நீதிபதி யார் என்பதே என் கேள்வி.

2025 மே மாதம் இதேபோன்ற மற்றொரு இலங்கைத் தமிழரின் மனு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. தண்டனையை முடித்து, பின்னும் ஏறக்குறைய மூன்றாண்டுகள் அடைபட்டிருந்தவர். உலகின் அகதிகளுக்கெல்லாம் இடம்தர இந்தியா தர்மசாலை அன்று எனும் பொருள்பட நீதிபதிகள் கூறினர். நீதிமன்றத்தை மதிக்கிறேன், இக்கூற்றை ஏற்க இயலவில்லை. தர்மசாலையில் எவரையும் பூட்டி வைப்பதில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது இங்கு அடிக்கடி சொல்லப்படும் வாதம். கையெழுத்திடாத நாட்டிலும் மனிதன் மனிதனே.

நம் திருச்சபை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952இல் எழுதிய மடலில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அகதிகள் அனைவருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, தன் 27ஆம் எண்ணில் மனித மாண்பைக் கெடுக்கும் இழிசெயல்களைப் பட்டியலிடுகிறது. கொலையும் கருச்சிதைவும் இருக்கும் அதே பட்டியலில் முறையற்ற சிறைவைப்பும் நாடுகடத்தலும் இருக்கின்றன. கருச்சிதைவைப் பற்றி நாம் மறையுரை பல கேட்டிருக்கிறோம், நல்லது. மற்ற இரண்டைப் பற்றி எந்த ஞாயிறன்று கேட்டோம்?

இனி நம் ஊரையே பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை கொரிய எழுத்தில் விடுதிகளின் பெயர்ப் பலகைகள். ஜப்பானியப் பொறியாளருக்கு அவர் நாட்டு உணவு. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வரும் அவர்களும் அயல்நாட்டவர் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. அவர்களை வரவேற்பதில் எனக்கு வருத்தமில்லை. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அந்நியனைக் கண்டு அஞ்சுகிறோம் என்று மட்டும் நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாம் அஞ்சுவது ஏழை அந்நியனுக்கு.

ஆஸ்திரேலியாவில் பிலோவீலா என்றொரு சிற்றூர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அங்கு வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை அதிகாரிகள் பிடித்துச் சென்றனர். சிறுமியர் இருவரும் பெற்றோருடன் கிறிஸ்துமஸ் தீவிலும் அடைபட்டிருந்தனர். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவ்வூர் மக்கள் நான்கு ஆண்டுகள் ஓயாமல் மனுக் கொடுத்தனர். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. திருச்சிக்காக நாம் எழுதியது எத்தனை அஞ்சலட்டை?

எங்கள் அன்பியத்தில் முதலமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். வழக்கு இருப்பின் நீதிமன்றத்தில் நடக்கட்டும்; தடுத்துவைக்கும் ஆணைக்குக் கால வரம்பு வேண்டும்; தாயகம் திரும்ப விரும்புவோர் உடனே அனுப்பப்படவேண்டும்; அஞ்சுவோர் குடும்பத்தோடு மறுவாழ்வு முகாமில் வாழட்டும் என்று அதில் உள்ளது. இதுவரை பதினொரு கையெழுத்து. பெரியவரிடமும் கொடுத்தேன். இன்னும் கையெழுத்திடவில்லை. தாளைத் திருப்பியும் தரவில்லை. படித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.